நாமினி இடத்தில் ஒரு பெயர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. முன்கூடத்தில் வாடிக்கையாளர்கள் ஃபிரேமை மாட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்குப் பிடித்த ஃபிரேம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் இவளிடம் வரும். லென்ஸை மெஷினில் பொருத்தினால் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே சக்கரம் ஓரத்தைச் சீவும். அப்புறம் சூடான காற்றில் ஃபிரேமை இளக்கி, லென்ஸை உள்ளே அமுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உட்காராது, குறைந்தால் ஆடும். நாள் முழுக்கப் பிறத்தியாரின் பார்வையைச் சரிசெய்கிறவளை யாரும் பார்த்ததில்லை. கடையில் அவளுக்குப் பெயரே ‘பின்ரூம்’ என்றாகிவிட்டது.

“பின்ரூம், சாப்டாச்சா?” என்று கேஷியர் அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டிக் கேட்பாள். பல நாட்களில் அன்றைய பேச்சு அதோடு சரி.

அந்த அக்கா நல்லவள். ஆரம்பத்தில் சம்பள நாளன்று எல்லோரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போகும்போது இவளையும் கூப்பிடுவாள். இவள் தலைவலி என்பாள், துணி துவைக்கணும் என்பாள். உண்மையான காரணம் காசுதான். மூன்று வருடமாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை முறைதான் ஒருத்தியைக் கூப்பிடுவார்கள்? பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அது நின்ற மாதம் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அப்படி இல்லை. ஷட்டர் இறங்கிய பிறகு, எதிர்ப்பக்கம் சிரித்துக்கொண்டு போகிற அவர்களின் முதுகைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

இத்தனை கஞ்சத்தனம் பிறவியில் வந்ததல்ல. அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா இறந்தபோது அவர் வேலை பார்த்த தொழிற்சாலையிலிருந்து ஒரு தொகை வந்தது. அது அண்ணன் கைக்குப் போனது. அண்ணனுக்கு ஒரு சிநேகிதன், அந்தச் சிநேகிதனிடம் ஒரு திட்டம், போட்ட பணம் ஒரே வருடத்தில் இரட்டிப்பாகுமாம். சிநேகிதனும் போனான், பணமும் போனது. அதில் இவளுடைய கல்லூரிக் கட்டணமும் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்டு, ஒரு பெட்டியோடு வேறு ஊருக்கு வந்து, போன் நம்பரையும் மாற்றிக்கொண்டாள். அதோடு அண்ணனைத் தலைமுழுகியாயிற்று என்று நினைத்திருந்தாள்.

அன்றிலிருந்து பணம் என்றால் அவளுக்குத் தொடக்கூடாத பொருள். சம்பளம் வங்கிக்கு வரும், மிச்சம் அங்கேயே கிடக்கும். ஆனால் அவள் தங்கியிருந்த அறையின் வாடகை இரண்டு தடவை ஏறிவிட்டது, முட்டை விலை ஏறிவிட்டது, பஸ் கட்டணம் ஏறிவிட்டது. கிடந்த பணம் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கரையவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

மதியச் சாப்பாட்டின்போது மெஷினை அணைத்துவிட்டு, போனில் இதைப் பற்றி வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். ஒரு பையன் “ஒரே வருஷத்தில் இரட்டிப்பு” என்று கத்தினான். அந்த வார்த்தையைக் கேட்டதுமே மூடிவிட்டாள். கத்தாதவர்களாகத் தேடினாள். கொட்டாவி வரவைக்கிற பேச்சாகத்தான் இருந்தது, ஆனால் புரிந்தது. அவசரத்துக்கு ஆறு மாதச் செலவை வங்கியிலேயே ஒதுக்கினாள். பல கம்பெனிகளின் பங்குகளைச் சேர்த்து வாங்குகிற, கட்டணம் குறைந்த ஒரு ஃபண்டில் மாதாமாதம் சின்னத் தொகையாகப் போடுவது என்று முடிவெடுத்தாள். பத்து, பதினைந்து வருடம் அதை மறந்துவிட வேண்டும். மறப்பதற்கும் பொறுப்பதற்கும் தன்னைவிடத் தோதான ஆள் கிடையாது என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, போனில் அந்த ஃபண்டுக்குக் கணக்குத் திறந்தாள். கேட்டதையெல்லாம் மளமளவென்று நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். நாமினி. அவளுக்குப் பிறகு இந்தப் பணம் யாருக்கு? பெயர், உறவு, பிறந்த தேதி.

கேஷியர் அக்காவை நினைத்தாள். சிரிப்பு வந்தது. வீட்டுக்கார அம்மாவை நினைத்தாள். வாடகை நாளைத் தவிர மற்ற நாட்களில் அந்த அம்மாவுக்கு இவள் இருப்பதே தெரியாது. கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘நான் யாரையும் நியமிக்க விரும்பவில்லை.’ அதைத் தொட்டால் மேலே போய்விடலாம். விரலைக் கொண்டுபோனாள். விரும்பவில்லை என்பதும் யாரும் இல்லை என்பதும் ஒன்றா? எத்தனை முயன்றும் அந்தக் கட்டத்தைத் தொட மனசு வரவில்லை.

அண்ணனின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அது மறந்து தொலைந்திருந்தால் தேவலை.

“ஹலோ, யாரு?” பின்னால் லாரி ஹாரன் கேட்டது. அவன் இப்போது பார்சல் வேன் ஓட்டுகிறான் என்று அவளுக்குக் காற்றுவாக்கில் தெரியும்.

“நான்தான்.”

வண்டியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது.

“குட்டி? உடம்புக்கு ஏதாவதா? ஆஸ்பத்திரியில இருக்கியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. உன் பிறந்த தேதி வேணும்.”

“எதுக்கு? கேக் அனுப்பப் போறியா?”

“ஒரு ஃபண்டுல மாசாமாசம் பணம் போடப்போறேன். நாமினி பேரு கேக்குது.”

அவன் இன்ஜினை அணைத்தான்.

“என் பேரைப் போடாத. என் கையில பணம் நிக்காதுன்னு ஊருக்கே தெரியும்.”

“நீ எடுக்கணும்னா நான் செத்திருக்கணும். அப்போ என்ன பண்ணினா எனக்கென்ன?”

“வாயைக் கழுவு.” குரல் இறங்கியது. “வேற யாரும் இல்லையா உனக்கு?”

“இருந்தா உன்கிட்ட ஏன் கேக்கறேன்?”

அவள் அதைக் கோபமாகத்தான் சொல்ல நினைத்தாள். சொன்ன பிறகு, வேறு மாதிரி கேட்டதோ என்று தோன்றியது.

“சரி,” என்றான் அவன். “எந்தத் தேதி வேணும், சர்டிஃபிகேட்ல இருக்கறதா, நிஜமா பொறந்ததா?”

“ரெண்டு இருக்கா?”

“ஸ்கூல்ல சேர்க்கறதுக்கு அப்பா ஒரு வருஷம் கூட்டிப் போட்டுட்டாரு. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தவனின் உண்மையான வயது அவளுக்குத் தெரியாது. சர்டிஃபிகேட்டில் இருக்கிற தேதியைக் குறித்துக்கொண்டு போனை வைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை, அவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

முதல் சில மாதங்கள் பணம் ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறியது. அப்புறம் ஒரு வாரத்தில் சந்தை சரிந்தது. தொலைக்காட்சி முழுக்கச் சிவப்பு அம்புகள். அவள் போட்டதில் கணிசமான பகுதி காணாமல் போயிருந்தது. அன்று லென்ஸ் ஒன்றை அளவு தவறித் தேய்த்து வீணாக்கினாள், மூன்று வருடத்தில் அவளுக்கு அது புதிது. “என்னாச்சு, பின்ரூம்?” என்று அக்கா கேட்டாள். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கிருந்து தொடங்குவது? தனக்கும் பணம் இருக்கிறது, அது விழுந்துகொண்டிருக்கிறது என்பதை எப்படிச் சொல்வது? “ஒண்ணுமில்லக்கா,” என்றாள்.

கடை மூடி வெளியே வந்தபோது போன் அடித்தது. அண்ணன்.

“நியூஸ் பார்த்தியா? எடுத்துடு. இன்னைக்கே எடுத்துடு குட்டி.”

“எடுக்கப்போறதில்ல.”

“சொல்றதைக் கேளு. அப்பவும் இப்படித்தான் வந்துடும், வந்துடும்னு…” அவனுக்கு நாக்கு குழறியது. “என்னைப் பார்த்துமா உனக்குப் புத்தி வரல?”

“உன்னைப் பார்த்துத்தான் மூணு வருஷம் காசைத் தொடாமலே வெச்சிருந்தேன்,” என்றாள். “இது அது இல்ல. உன் சிநேகிதன் எதையும் வாங்கல, உன் பணத்தை எடுத்துட்டு ஓடினான். இது நெஜக் கம்பெனி. விலை இறங்கியிருக்கு, அவ்வளவுதான். ஏறாமலும் போகலாம். தெரிஞ்சுதான் போட்டிருக்கேன். நாளைக்குச் சாப்பாட்டுக்குத் தனியா இருக்கு.”

நடைபாதையில் ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஒரு கடையின் படியோரமாக ஒதுங்கினாள். இத்தனை நாளும் அவனைப் பணத்தைத் தொலைத்தவன் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். தொலைத்த நாளிலிருந்து அவனும் தினம் தினம் விழுந்துகொண்டிருக்கிறான் என்று இப்போதுதான் பட்டது.

“கட் பண்ணிட்டியா?” என்று கேட்டாள்.

“இல்ல. இருக்கேன்.”

மன்னிப்பு என்ற வார்த்தையை இரண்டு பேருமே எடுக்கவில்லை. அவன் ஏதோ டெலிவரி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் எடுக்கவில்லை. அந்த மாதமும் பணம் போனது, அடுத்த மாதமும் போனது. சந்தை நொண்டியடித்து, ஒரு வருடம் போல எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து, கொஞ்சம் தாண்டியது. தாண்டிய நாளில் அவள் லென்ஸ் தூளைத் துடைத்துக்கொண்டே போனைப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் சந்தோஷம் வரவில்லை. சம்பள நாளன்று தானாகவே முன்கூடத்துக்குப் போய், “அக்கா, இன்னைக்கு எங்க போறீங்க? நானும் வரட்டுமா?” என்று கேட்டாள். அக்கா ஆச்சரியத்தோடு, “அடடா, இப்பல்லாம் யாரும் போறதில்லம்மா. ஒருத்திக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஒருத்தன் வேற கடைக்குப் போயிட்டான்,” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா போனு?”

“ஆமா.”

வேன் டயர் விலை எப்படி ஏறிக்கிடக்கிறது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலாளி பழைய டயரையே ஓட்டச் சொல்கிறான், பிரேக் பிடித்தால் வழுக்குகிறது என்றான். அவள் ம் கொட்டிக்கொண்டே கேட்டாள். பேச விஷயம் தீர்ந்த பிறகும் ஒரு நிமிடம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. வைத்ததும் அறை முன்புபோல ஆகிவிட்டது. அவள் எழுந்து, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணியை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.