புதைத்த பை

ஆஸ்திரியாவின் டிரோல் மலையில், பனிச்சரிவில் சிக்கியவரைத் தேடும் பயிற்சிக்காக, மீட்புக்குழுத் தலைவர் கோர்பினியான் தன் பையைப் பனிக்குள் புதைத்துவிட்டு வந்தார். எல்லோருடைய மதிய ரொட்டியும் பன்றிக்கறியும் அதற்குள்தான்.

"பைக்குள்ள சிக்னல் கருவி இருக்கு. உங்க கருவியில அம்புக்குறி காட்டுற பக்கம் போங்க!"

குழுவினர் நான்கு பேரும் நேராக அவரிடமே வந்து நின்றார்கள்.

"கண்ணு அவிஞ்சு போச்சா? பனியில தேடுங்க கழுதைகளா!" என்று எரிந்து விழுந்தபடி நகர்ந்தார். அம்புக்குறியும் கூடவே நகர்ந்தது.

அவர்களில் ஒருத்தியான நோட்புர்கா, பனியைக் குத்திப் பார்க்கும் தேடுகம்பால் அவர் நெஞ்சைத் தட்டினாள். பைக்குள் இருக்க வேண்டிய கருவி அவர் சட்டைக்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. கோர்பினியான் திரும்பிச் சரிவைப் பார்த்தார். காற்று அவர் கால்தடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

"பொணம் கெடைச்சிருச்சு அண்ணே," என்றாள். "சாப்பாட்டுக்குத்தான் பனி உருகுறவரைக்கும் காத்திருக்கணும்."