இடப்பக்கத்துப் பூச்சிகள்

நிர்மலாவுக்கு லைசென்ஸ் கிடைத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கார்ச் சாவியோ அவள் புருஷன் ராஜசேகரின் சட்டைப்பையை விட்டு இறங்கியதே இல்லை. ஜவளகிரியில் அவள் அம்மா பாப்பம்மா கண் ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருந்தாள். ஓசூரிலிருந்து போய்வர ராஜசேகருக்கு லீவு கிடைக்க வேண்டும், மனசும் வர வேண்டும். இந்த மாசத்தில் ஒரே தடவைதான் போக முடிந்தது. நினைத்தால் அவளுக்கு அழுகை வரும், பின்னாலேயே கோபமும் வரும்.

"ஆறு வருஷமா இந்த வண்டியில ஒரு கீறல் உண்டா? உன் கையில குடுத்தா ஒரு வாரம் தாங்குமா?" அவன் பாட்டு எப்போதும் இதுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாரூரில் ஒரு கல்யாண வரவேற்பு. திரும்பும்போது ஏரிக்கரைப் பூச்சி, நெல்வயல் பூச்சி எல்லாம் காரின் முகத்தில் வந்து அப்பிக்கொண்டன. இரண்டு நாள் காய்ந்ததில், பணியாரச் சட்டியில் தீய்ந்த மாவு மாதிரி பிடித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிர்மலா வாளியோடு வந்து நின்றாள்.

"கம்பி நாரைப் போட்டுத் தேய்ப்பே. பெயிண்டு போயிரும்" என்றான் ராஜசேகர்.

"ஒரு கீறல் விழாம எடுத்துட்டா?"

"எடுத்தா சாவி உன்னுது. விழுந்துச்சு, இனிமே சாவிப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கறி வாங்கக் கிளம்பினான். மாமியார் சரோஜம்மாள் வாசலில் நாற்காலி போட்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

அட, யாரிடம் வந்து பந்தயம் கட்டுகிறான் பாருங்கள்! நிர்மலா வண்டிக் கம்பெனியில் பெயிண்ட் சோதிக்கிறவள். ஒன்பது வருஷமாக ட்யூப்லைட் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்து, தகட்டில் ஒரு தூசி விழுந்திருந்தாலும் பிடித்துவிடுகிறவள். அவள் தேய்க்கவே இல்லை. பழைய பனியன் துணிகளை ஷாம்பூத் தண்ணீரில் நனைத்துப் பூச்சிகள் மேல் போர்த்திவிட்டு, கால் மணி நேரம் சும்மா இருந்தாள். பிறகு துடைத்தால், பானெட்டில் இருந்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. வலப்பக்கமும் அப்படியே வந்தது.

வினை இடப்பக்கத்தில் இருந்தது. முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில் பூச்சி வந்துவிட்டது, ஆனால் அது இருந்த இடம் வெளிறிப்போய்ப் பொட்டுப் பொட்டாகத் தங்கிவிட்டது. மறுபடியும் ஊறவைத்தாள். போகவில்லை. விரலால் தடவினால் லேசான பள்ளம் தட்டுப்பட்டது. போச்சு, சாவி போச்சு, ஜவளகிரியும் போச்சு.

ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு கேள்வி குடைந்தது. அதே பூச்சி, அதே தண்ணி, அதே துணி. வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கத்தை மட்டும் கடிக்க, பூச்சிக்கு என்ன பங்காளிச் சண்டையா?

மண்டியிட்டுத் தலையைச் சாய்த்தாள். பானெட்டில் வாசல் கேட்டின் கம்பிகள் நேர்நேராகத் தெரிந்தன. இந்தத் தகட்டில் அதே கம்பிகள் நெளிந்தன. கம்பெனியில் பெயிண்டைச் சூட்டடுப்பில் வேகவைத்துத்தான் வெளியே விடுவார்கள். அது இறுகிவிடும். பட்டறையில் அடிக்கிற பெயிண்ட் அவ்வளவு இறுகாது, பூச்சியின் சாறே அதை அரித்துவிடும். சக்கரத்துக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். கருப்பு பிளாஸ்டிக்கின் ஓரத்தில் வண்டியின் அதே வெள்ளி நிறத்தில் பொடிப்பொடியாகப் பெயிண்ட் தெறித்திருந்தது.

"அத்தை, இந்த வண்டி எங்கயாச்சும் இடிபட்டுச்சா?"

சரோஜம்மாளின் கை அப்படியே நின்றது. "என்னைக் கேக்காத கண்ணு. நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என்னன்னு?"

"இவன் வண்டியை இடிச்சதை யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

சொன்ன பிறகுதான் உளறியது என்னவென்று அவளுக்கே உறைத்தது. "ஐயோ சாமி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். நிர்மலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கறிப்பையோடு வந்த ராஜசேகரின் கண் நேராக அந்த வெளுத்த பொட்டுகளில் போய் விழுந்தது. "பாத்தியா! நான் சொன்னேன்ல?"

"கம்பெனி பெயிண்டுல ஒரு கீறல் இல்லீங்க, வந்து பாருங்க. இது பட்டறை பெயிண்டு. எந்தப் பட்டறை?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மொச்சைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"தை மாசம், சூளகிரி கிட்ட. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். பயந்து இடப்பக்கமா ஒடிச்சேன், சுவத்துல போய்ச் சாத்திட்டேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு." கீழே கிடந்த மொச்சைத் தோலை எடுத்துக் கிள்ளினான். "அதுலருந்து ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது நிர்மலா. வெள்ளிக்கிழமை கூட முள்ளு மேல உக்காந்த மாதிரிதான் ஓட்டிட்டு வந்தேன். ஜவளகிரிக்கு நீ கூப்பிட்டப்ப எல்லாம் லீவு இல்லைன்னது அதனாலதான். லீவு இருந்துச்சு."

நிர்மலாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. "எங்கம்மா கண்ணைக் கட்டிக்கிட்டுக் கெடக்குது. நான் இங்க அழுதுட்டு உக்காந்திருந்தேன். பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓட்டியிருக்க மாட்டனா?"

அவன் சாவியை எடுத்து அவள் ஈரக்கையில் வைத்தான். அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கறியை அத்தை பாத்துக்குவாங்க. வாங்க, ஜவளகிரி போயிட்டு வந்துரலாம்."

ராஜசேகர் எழுந்துபோய் இடப்பக்கக் கதவைத் திறந்து, உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டான்.