ஒரே துறை

தியாகலிங்கத்துக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. என்றைக்குத்தான் கொண்டது என்று இந்திரா கேட்பாள். கட்டிய நாளிலிருந்து பார்க்கிறவள், கேட்க உரிமை உண்டு. சுவிஸுக்கு வந்து சோலோதுர்ன் நகரில் வீடு தேடிய காலத்தில் பின்கதவு இல்லாத வீடுகளை எல்லாம் தட்டிக் கழித்த மனிதர் அவர். முதியோர் இல்லச் சமையலறைக்கு வேலைக்குப் போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு. சாப்பாட்டுக் கடையில் வாசலைப் பார்த்த கதிரை கிடைக்காவிட்டால் ஒரு வாய் இறங்காது. ஆமோதிக்கத் தலையாட்டும் பழக்கமும் அவரிடம் கிடையாது. எதற்கும் வாய் திறந்து "ஓம்" என்றே சொல்வார்.

இப்படிப்பட்டவரின் ஒரே மகளுக்கு, வேறெங்கும் இல்லாமல், அமெரிக்கப் பாலைவனத்தில் வேலை கிடைத்திருந்தது. தனுஷியா நிலவியல் படித்தவள். அங்கே ஒரு பெரும் பள்ளத்தாக்கில் ஆற்று மணலை அளக்கும் வேலை, ஆறு மாதம். இன்று மாலைக்குள் பதில் எழுத வேண்டும். இந்த நாட்டில் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அப்பா மனமார விடாமல் அவளால் போக முடியாது. அதனால் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

ஆற்றின் இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். நெடுந்தூரத்துக்கு ஒரே ஓர் இடத்தில்தான் சுவர் தாழ்ந்து கொடுக்கிறது. அங்கே மட்டும் வண்டி தண்ணீர் வரை இறங்கலாம். குடியேறப் புறப்பட்டவர்கள், மாடு ஓட்டி வந்தவர்கள், எல்லாரும் அந்தத் துறைக்கே வந்து சேர்ந்தார்கள். அரை நூற்றாண்டு ஓடம் ஓடியது. முதல் ஓடக்காரனே சட்டத்துக்குப் பயந்து அங்கே போய் ஒளிந்தவன்.

"பிடிபட்டவனோ?"

"ஓம். ஆனா துறையில இல்லை, வேற ஊரில."

"ஆத்தைக் கடக்க வேற வழி?"

"இல்லை அப்பா. அதுதானே அந்த இடத்தின்ர விசேஷம்."

"ஒரே துறை இருக்கிற இடத்துக்கு நான் பிள்ளையை அனுப்பமாட்டன்."

"இப்ப பாலம் இருக்கு. ஒண்டில்லை, ரெண்டு. பக்கத்தில பக்கத்தில."

"ஒட்டி ஒட்டிக் கட்டினா அது ரெண்டு வழியோ? காவலுக்கு இருக்கிறவனுக்கு ஒரு கதிரை போதும்."

"எந்தக் காவல் அப்பா?" என்று அவள் கேட்டாள். அவர் எழுந்து போய் யன்னலால் தெருவைப் பார்த்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று இந்திரா குசினியிலிருந்து சொன்னாள். "ரெண்டு பேரும் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வாங்கோ."

வழக்கமாக அவர் தூரத்துப் பாலத்தால் சுற்றித்தான் சந்தைக்குப் போவார். அன்று குளிர் அதிகம். தனுஷியா கேட்காமல் ஆரே ஆற்றின் நடைபாலத்தில் ஏறிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் பின்னால் போனார்.

பாலத்தின் அந்த முனையில் ஒரு கிழவர் மடக்குக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தொப்பி புருவம் வரை, கழுத்துத் துணி மூக்கு வரை. கண்கள் மட்டும் தெரிந்தன. பாலத்தால் வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையாட்டினார்.

தியாகலிங்கம் நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். மற்றக் கையை விரித்துக் காட்டினார். சந்தைக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் அவருடைய ஊர். ஊருக்கு ஒரே ஓடத்துறை. சண்டைக் காலத்தில் ஒருநாள் துறையில் கதிரை போட்டு, சாக்கால் தலையை மூடிய ஒருவனை ஆமிக்காரர் இருத்தி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசையில் வருகிறவனைப் பார்த்து அவன் தலையாட்டினால் லொறியில் ஏற்றுவார்கள். அவருடைய அண்ணன் தவச்செல்வனுக்கு அந்தத் தலை ஆடியது. பின்னால் நின்ற தம்பி தியாகலிங்கத்துக்கு ஆடவில்லை. அண்ணன் திரும்பி வரவேயில்லை.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"அண்ணையை இப்பிடித்தான் பிள்ளை. துறையில. ஒருத்தன் இருந்து தலையாட்டினவன்."

பெரியப்பா சண்டையில் செத்தவர் என்று மட்டுந்தான் அவளுக்குத் தெரியும். எப்படி என்று இப்போதுதான் கேட்கிறாள். கிழவர் பதறி எழுந்து வந்து, கழுத்துத் துணியை இறக்கி மன்னிப்புக் கேட்டார். தபால் நிலையத்தை மூட வேண்டாம் என்று ஆட்களைத் தலையாட்டிக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறாராம். அவள் அவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, அட்டை பிடித்த கையை மெல்லக் கீழே இறக்கினாள்.

"நான் போகேல்லை அப்பா. வரேலாது எண்டு எழுதிவிடுறன்."

காலையிலிருந்து அவர் கேட்க நினைத்த சொல் அதுதான். கேட்டும் நெஞ்சு ஆறவில்லை. அன்று அந்தத் துறையில் ஒரு பிள்ளையைக் கதிரையில் இருந்த ஒருவன் மறித்தான். இன்று இந்தப் பிள்ளையை மறிப்பது யார் என்று யோசித்தபோது தியாகலிங்கத்துக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

"அங்க இருக்கிற பாலத்தில ஆர் நிக்கிறவை?" என்றார்.

"சுற்றுலா ஆக்கள். பெரிய கழுகு பாக்க வாறவை."

"கதிரை போட்டோ?"

"அந்த வெயில்ல ஆர் அப்பா கதிரை போடுறது?" அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அட்டையை வாங்கி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்ப நான் போகட்டோ?"

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அதை மூடிக்கொண்டார். பாலத்தில் நின்றபடியே, தியாகலிங்கம் தன் மகளைப் பார்த்துத் தலையாட்டினார்.