மால்கம் வெட்டிய மொட்டுகள்

வேலைக்குக் கிளம்பும் முன் டீக் கோப்பையோடு பின்வாசலுக்கு வந்த மால்கம், செடியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். காலில் வெறும் காலுறைதான். இரவு பெய்த மழையில் சிமெண்ட் தரை ஈரமாக இருந்தது. மொட்டு ஒன்று பச்சை உறையைக் கீறிக்கொண்டு உள்ளிருந்த நிறத்தைக் காட்டியிருந்தது. ஊதா என்றால் அதிகம், சாம்பல் என்றால் குறைவு. மழை விட்ட மாலைகளில் ஷெஃபீல்டு நகரத்துக் குன்றுகளுக்கு மேலே கொஞ்ச நேரம் தங்கிவிட்டுப் போகும் நிறம் அது. காலுறை நனைந்து விரல்கள் சில்லிட்ட பிறகுதான் அவருக்கு டீயின் நினைவு வந்தது. அது ஆறிப்போயிருந்தது.

அதைத் தோட்டம் என்று சொன்னால் அவர் மனைவி லொரேன் சிரிப்பாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளின் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம். அதில் பாதியைக் குப்பைத் தொட்டிகளும் துணிக்கொடியும் எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் மால்கம் அந்த ரோஜாவை வைத்திருந்தார். இந்த நிறத்து ரோஜாக்கள் எல்லாமே நோஞ்சான் பிள்ளைகள். இலையில் கறுப்புப் புள்ளி விழும், தண்டு மெலியும், கடும் வெயில் பட்டால் நிறம் வெளுத்து அழுக்குத் துணி போலாகும். முதலில் வைத்த இரண்டு செடிகளும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. மூன்றாவதைச் சுவரோரம் வைத்தார். நடுப்பகலுக்குப் பிறகு வீட்டின் நிழல் விழும் இடம் அது. குதிரைச் சாணம் வாங்கிப் போட்டார், உதிர்ந்த இலையை ஒன்று விடாமல் பொறுக்கினார், பச்சைப் பேன் பூச்சிகளைச் சோப்புத் தண்ணீர் தொட்டு விரலாலேயே துடைத்தார். பஸ் ஓட்டும் கைக்கு இத்தனை பொறுமை எங்கிருந்து வந்தது என்று லொரேன் கேட்பாள். அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு மழை நாளில் அவருடைய பஸ்ஸில் யாரோ ஒரு பெண் இந்தப் பூக்களை ஒரு கொத்து வைத்துக்கொண்டு ஏறினாள். நனைந்த கோட்டுகளும் ஈரக் குடைகளும் வியர்வையுமாக நாறிக்கொண்டிருந்த பஸ்ஸுக்குள் எலுமிச்சைத் தோலை அப்போதுதான் கிள்ளியது போல ஒரு வாசம். அவள் இறங்கிப் போன பிறகும் கடைசி நிறுத்தம் வரை அது இருந்தது. யாரும் அன்று அவரிடம் சண்டை போடவில்லை.

டிப்போவில் கூட வேலை பார்க்கும் டெஸ்ஸுக்கு இந்தச் செடி என்றாலே கேலி. ஜூலையில் தேவாலயக் கூடத்தில் நடக்கும் பூக்காட்சியில் சிவப்பு ரோஜாவுக்கு வருஷா வருஷம் பரிசு வாங்குகிறவன் அவன். "அது ரோஜா இல்லடா, ரத்தம் செத்த பொண்ணு. மேசையில வெச்சா நடுவருங்க ஆம்புலன்ஸக் கூப்பிடுவாங்க" என்பான். "இந்த வருஷம் பாரு" என்று மட்டும் மால்கம் சொல்லி வைத்திருந்தார். காட்சிக்கு மூன்று பூ வேண்டும். செடியில் மொட்டுகள் திரண்டு நின்றன.

முதல் பூக்கள் விரிந்த வாரத்தில் வெயில் ஏறியது. ஊரே ஜன்னல்களைத் திறந்து போட்டுக்கொண்டு புழுங்கியது. சாப்பாட்டு மேசையில் லொரேன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கு, கவனிச்சியா?"

"ரூத்துக்கு உடம்பு முடியல. காத்து ஆகாதோ என்னவோ."

"காத்து இல்ல மால்கம். உன் பூ. கீமோ மருந்து ஏத்த ஆரம்பிச்சதிலேருந்து அவளுக்கு எந்த வாசனையும் தாங்கலயாம். காபி, சோப்பு, எதுவும். நேத்து சாயங்காலம் உன் பூ வாசம் வந்து குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்திருக்கா. இயன் குப்பை போட வந்தப்ப வாய் தவறிச் சொல்லிட்டான்."

ஒரு பூவின் வாசம் யாருக்காவது கெடுதல் செய்யும் என்பதை மால்கமால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எழுந்து வெளியே போனார். ரூத்தின் கணவன் இயன் தெருவில் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கும் போகாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

"நிசமாப்பா?"

இயன் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "நான் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விட்டுறாதீங்க. என்னைக் கொன்னே போட்டுருவா. 'அவரு எத்தனை வருஷமாக் காத்துக் கெடந்தாரு, நாம ஜன்னலச் சாத்திக்கலாம்'னு சொல்றா."

ஜூன் மாதத்தில் ரோஜாவை வேரோடு பெயர்க்க முடியாது. இலை உதிர்த்துத் தூங்கும் நவம்பர் வரை பொறுக்க வேண்டும், இப்போது தோண்டினால் செத்துவிடும். அன்று மாலையே மால்கம் விரிந்த பூக்களை வெட்டி எடுத்தார். மறுநாள் காலையிலிருந்து நிறம் காட்டும் மொட்டுகளையும் வெட்டினார். ஆனால் காட்சி நெருங்கியதும் மூன்றை மட்டும் விட்டுவைத்தார். அவற்றுக்குக் காகிதப் பை மாட்டிக் கழுத்தில் நூல் கட்டினார். பைக்குள் இருந்தால் வாசம் வெளியே போகாது, காட்சி முடியும் வரைதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். லொரேன் அந்தப் பைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். காட்சிக்கு முந்தின நாள், பைக்கு வெளியிலேயே எலுமிச்சை மணத்தது. மால்கம் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம், சாத்திய ஜன்னலையும் தாண்டி, ரூத் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் தலை நிமிரும். அந்தத் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அது. பூவால்தானா, மருந்தாலா, யாருக்குத் தெரியும்? அவர் நூலை அவிழ்க்கக்கூட இல்லை. பையோடு சேர்த்து மூன்றையும் வெட்டினார்.

காட்சிக்கு வெறுங்கையோடு போனார். டெஸ் தன் சிவப்பு ரோஜாக்களுக்குப் பக்கத்தில் டை கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கடா உன் ரத்தம் செத்த பொண்ணு?"

"பூஞ்சை புடிச்சிருச்சு."

டெஸ் வழக்கம்போல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மால்கமின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "பூஞ்சையா... சனியன். வா, டீ குடிக்கலாம்" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போனான். பரிசு அவனுக்குத்தான். பரிசு அட்டையை அவன் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆகஸ்டில் செடி மறுபடியும் துளிர்த்து மொட்டு வைத்தது. வெட்ட வெட்ட இன்னும் வேகமாக வைத்தது. மால்கம் காலையில் எழுந்ததும் பல் துலக்குவது போல அதைச் செய்யப் பழகியிருந்தார். ஒரு காலையில் கத்தரியோடு குனிந்திருந்தபோது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பின்னல் தொப்பி, புருவமே இல்லாத முகம்.

"என்ன பண்றீங்க மால்கம்?"

"ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா, கெளை கழிக்கிறேன். கவாத்து."

"மொட்டுங்களையா கவாத்து பண்ணுவாங்க?" குரல் தேய்ந்திருந்தது. ஆனால் அதே குளத்தங்கரைத் தோரணை. "ஜன்னல் வழியா நானும் தினம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். மொதல்ல உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம்தான் வெளங்குச்சு, அந்தக் கிறுக்கு எனக்காகன்னு. இயன்தானே சொன்னான்?"

மால்கம் கத்தரியை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். "வெறும் பூதானேம்மா. அடுத்த வருஷம் பூக்கும்."

"அடுத்த வருஷம்!" ரூத் சிரித்தாள். சிரிப்பு சட்டென்று அறுந்தது. "எங்க வீட்டுல வெங்காயம் வதக்குறதில்ல. புள்ளைங்க அவங்க அத்தை வீட்டுல. எங்கம்மா போன்ல கிசுகிசுன்னு பேசுறாங்க, சத்தமாப் பேசினா நான் ஒடைஞ்சு போயிருவேனாம். என்னைச் சுத்தி எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. இப்ப உங்க செடியையும். நான் இன்னும் போயிடல மால்கம். இருக்குறப்பவே எதுக்கு எல்லாரும் வெளக்க அணைக்கிறீங்க?"

நல்லது செய்வதாகத்தான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். சொல்லப்போனால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இப்போது காதுமடல் சுட்டது. கத்தரியை வைக்க இடம் தேடினார். கடைசியில் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ண விடுங்க. ஒண்ணே ஒண்ணு. அது எப்படி இருக்கும்னுகூட நான் சரியாப் பாத்ததில்ல."

"வாந்தி வந்தா?"

"வந்தா எடுப்பேன். இப்பல்லாம் அதுல நான்தான் சாம்பியன்."

சுவரோரக் கிளையில் இருந்த தடித்த மொட்டை அவர் விட்டுவைத்தார். மழை வந்தபோது குடை பிடிப்பது போல அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூம்பைக் குச்சியில் கட்டினார். தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்வாசலுக்குத்தான் போனார். இந்த முறை அது விரிய வேண்டும் என்று ஆசையாகவும் இருந்தது, விரிந்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது. லொரேனிடம் அதைச் சொன்னபோது அவள், "அவ கேட்டா, நீ விட்ட. அவ்வளவுதான். மத்தத அவ பாத்துப்பா" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது விரிந்தது. மால்கம் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார். ரூத் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள், உதவ வந்த இயனைக் கையாலேயே விரட்டினாள். பாத்திரம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியை இடுப்பில் இடுக்கியிருந்தாள். நாற்காலியில் ஏறி நின்று தொட்டியைச் சுவர் மேல் தயாராக வைத்தாள்.

"ம். கொண்டாங்க."

கிளை அவ்வளவு தூரம் வளையாது. மால்கம் அதைத் தண்டின் நடுவில் பிடித்து, ஒடியாமல், மெதுவாகச் சுவருக்கு மேலே சாய்த்தார். முட்கள் கட்டைவிரலில் இறங்கின. பூவுக்குள் இன்னும் ஈரம் இருந்தது, நடு இதழ்கள் பிரியாமல் சுருண்டிருந்தன. ரூத் ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கண்ணை மூடி மூச்சை உள்ளே இழுத்தாள். உதடுகள் இறுகின. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. சமையலறை வாசலில் துண்டோடு நின்ற இயன் ஓரடி முன்னால் வந்தான், பிறகு நின்றான். ரூத்தின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அவள் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மூக்கு நுனி இதழில் பட்டது. மறுபடியும், முன்னைவிட மெதுவாக, மூச்சை இழுத்தாள். மால்கம் கிளையை விடவில்லை.