அருவிப் பாதையில் உண்ணிகள்

காட்டோரப் புல்லில் வெள்ளை ஃபிளானல் துணியை இழுத்துக்கொண்டு நடப்பதுதான் அவள் வேலை. புல் நுனியில் காத்திருக்கும் உண்ணிகள், ஏதோ மாடு போகிறதென்று ஏமாந்து துணியில் தொற்றிக்கொள்ளும். இடுக்கியால் எடுத்துக் குப்பியில் அடைத்து, நோய்க்கிருமி இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பாள். வீட்டில் அவளுக்கு ‘உண்ணிக்காரி’ என்றே பேர். வைத்தவன் அண்ணன், காட்டையொட்டி விடுதி நடத்துகிறவன்.

இந்த முறை, அந்த விடுதியிலிருந்து அருவிக்குப் போகும் பாதையில் பிடித்த உண்ணிகளிலேயே காய்ச்சல் பாக்டீரியா இருந்தது. மறுபடியும் சோதித்து உறுதிசெய்துகொண்டு, மேலதிகாரிக்கு அறிக்கை கொடுத்துவிட்டு, நேரே அண்ணனிடம் போனாள்.

“சீசன் முடியட்டும்மா. என் வயித்துல அடிக்காதே.”

“உண்ணி சீசன் பார்த்தா கடிக்குது? புல்லை வெட்டுண்ணா. ஒரு பலகை வை. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“உன் மேலதிகாரி முன்னாடியே ஃபோன் பண்ணினார், பேசிட்டேன். முடிவை மெதுவா வெளியிட்டா போதும்னுட்டார்.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவளைக் கேட்காமலே பேசி முடித்திருக்கிறார்கள்!

மறுநாள் காலை, விருந்தாளிகள் அரைக்கால் சட்டையும் செருப்புமாக அருவிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் கண்ணெதிரே துணியை இழுத்துத் திருப்பிப் போட்டாள். எள் கொட்டினாற்போல உண்ணிகள் ஊர்ந்தன. கூட்டம் பின்வாங்கியது.

“பயப்படாதீங்க. முழுக்கால் சட்டை போட்டு, சாக்ஸுக்குள்ள சொருகிக்கிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் உடம்பெல்லாம் பாருங்க. கடிச்சு காய்ச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “நீயெல்லாம் கூடப் பொறந்தவளா?”

“அதனாலதான் நேத்து முதல்ல உன்கிட்ட வந்தேன்.”

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அண்ணியின் முகம் மாறியது. “நேத்தேவா? ஏங்க, நம்ம பாப்பா இந்தப் புல்லுலதானே புரண்டு விளையாடுறா? தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?”

அண்ணி அவன் பதிலுக்காக நிற்கவில்லை. குழந்தையை உடம்பெங்கும் பார்த்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள்.

சிலர் அறையைக் காலி செய்தார்கள். மற்றவர்கள் சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு அருவிக்குப் போனார்கள். அண்ணன் அவளோடு பேச்சை நிறுத்தினான். அது அவளுக்கு வலித்தது, ஆனாலும் அசையவில்லை.

மேலதிகாரி கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்.

“எதுக்கு சார்?” என்றாள். “நாளைக்கு ஏரிப் பக்கம் போறேன். அங்க உண்ணியில கிருமி இருந்தாலும் இதேதான் செய்வேன். இப்பவே சொல்லிட்டேன்.”