நல்லா கெட்டிருக்கு

எங்கள் முதலாளியின் மருமகனுக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. அதனால் அவரைத் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஆக்கினார்கள். நாங்கள் அவரை மாப்பிள்ளை என்போம், முதுகுக்குப் பின்னால்தான். காலையில் முதலில் சென்ட் வாசனை வரும், பிறகு அவர் வருவார். குளவி வளர்க்கிற அறைக்குள் சென்ட் ஆகாது என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் வாசனையே தெரியவில்லை.

எங்கள் வேலை முட்டை அட்டை செய்வது. நொய்யில் வளர்க்கும் அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் பசை தடவி ஒட்டுவோம். அவை பொரிந்துவிடாதபடி புற ஊதா விளக்கின் அடியில் வைத்து எடுப்போம். பிறகு கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் குட்டிக் குளவிகளை அதன்மேல் விடுவோம். குளவி ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையை வைக்கும். நாலாம் நாள் வெள்ளை முட்டை கறுத்துவிட்டால், உள்ளே குளவி வளர்கிறது. அந்த அட்டையைத் துண்டாக்கி வயலில் இலைக்கு அடியில் குத்திவிட்டால், வெளியே வரும் குளவிகள் காய்ப்புழுவின் முட்டைகளைத் தேடிப்போய் அங்கேயும் இதையே செய்யும். புழு பிறக்கவே பிறக்காது.

கறுத்த முட்டையை நாங்கள் 'கெட்டது' என்போம். அந்துப்பூச்சிக்குக் கெட்டது, நமக்கு நல்லது. யார் தொடங்கிய பேச்சோ, நான் சேரும் முன்பே இருந்தது. எல்லாம் நல்லபடியாகக் கெட்டதா என்று விசாரித்துக்கொண்டுதான் நாங்கள் டீயே குடிப்போம்.

இந்த வருஷம் அக்காவின் தக்காளிக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். போன வருஷம் மருந்தடித்துவிட்டு இரண்டு நாள் வாந்தி எடுத்துக் கிடந்தாள். மருந்தே வேண்டாம், அட்டை தருகிறேன், மருந்தடித்தால் குளவியும் செத்துப்போகும் என்றேன். ஈயை விட்டுப் புழு பிடிக்கப் போகிறாளாம் உன் தங்கை என்று அத்தான் சிரித்தார். அக்கா என் பக்கம் நின்றாள். அந்த வாரம் அவள் வயலில் வைத்திருந்த பூச்சிப் பொறியில் காய்ப்புழுவின் தாய் அந்துகள் விழ ஆரம்பித்திருந்தன. முட்டையிட்டு மூன்றே நாள்தான் அவகாசம். புழு பொரிந்து காய்க்குள் நுழைந்துவிட்டால் குளவியால் ஒன்றும் ஆகாது.

வெள்ளிக்கிழமை நாற்பது அட்டையும் மை பூசியதுபோல் கறுத்திருந்தன. மாப்பிள்ளை மூக்கைச் சுளித்துக்கொண்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒரு நிமிஷம் நின்று விளக்கியிருக்கலாம். இவருக்கு விளக்கம் வேறா என்று எனக்கு எரிச்சல்.

"எல்லாம் நல்லா கெட்டிருக்கு சார்," என்றேன்.

பின்னால் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பதிவேட்டிலும் 'நாற்பதும் கெட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் விடுமுறை.

திங்கட்கிழமை போனால் அறையெல்லாம் ஃபினாயில் வாடை. கறுத்த அட்டைகள் மொத்தமும் குப்பை வாளியில் ஊறிக்கொண்டிருந்தன. குளவியே படாமல் அடுத்த வாரத்துக்காக வைத்திருந்த வெள்ளை அட்டைகளைத் தரம் பார்த்ததாக முத்திரை குத்தி சனிக்கிழமையே அனுப்பியிருந்தார் மாப்பிள்ளை. என் அக்காவுக்கும் சேர்த்து.

ஒன்றுக்கும் உதவாத தடிமாடு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்கதானே கெட்டுப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க?"

என் கையெழுத்து, என் எழுத்து. நுணலும் தன் வாயால் கெடும் என்று இந்த ஆளைப் பார்த்து எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமையே குனிந்து குனிந்து எல்லா வரிசையிலும் குத்தி முடித்துவிட்டாளாம். எறும்பு வந்து அட்டையில் இருந்த முட்டையைச் சுத்தமாகத் தின்றுவிட்டது, அப்படித்தான் நடக்குமா என்று கேட்டாள். குளவி வெளியே வரும் வழி அதுதான் போலிருக்கிறது என்று நினைத்து எறும்பை விரட்டாமல் விட்டாளாம். நடந்ததைச் சொன்னேன். போனை வைத்துவிட்டாள். அடுத்த அட்டை கறுக்க இன்னும் நாலு நாள் ஆகும்.

அந்த நாலு நாளுக்குள், மாப்பிள்ளை சொன்னதை நம்பிய முதலாளி, கெட்ட சரக்கைப் பிடித்து நிறுத்தியதற்காக அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். நானும் கைதட்டினேன். இல்லையென்றால் பதிவேட்டைத் திறப்பார்கள்.

வெள்ளிக்கிழமை புது அட்டை கறுத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்காவின் போன் வந்தது. பின்னால் அத்தானின் பேச்சுக் கேட்டது, அவர் சிரிக்கவில்லை. இருபது காயை அறுத்துப் பார்த்தாளாம், இருபதிலும் புழு.

"எல்லாம் கெட்டுப்போச்சுடி," என்றாள்.