திருப்பிச் சொல்லு

எனக்கும் என் மச்சான் வேம்புலிக்கும் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் அவன் தண்ணீருக்குள் இறங்கும்போதெல்லாம் மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.

அது எப்படி முடியும் என்று கேட்பார்கள். கயிற்று வேலைக்குப் பேச்சு தேவையில்லை. ஒரு இழுப்பு என்றால் நல்லா இருக்கிறேன். இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் மேலே வருகிறேன். நான்கு என்றால் ஆபத்து, உடனே தூக்கு. இந்த நாலும் தெரிந்தால் போதும், ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமலே காலம் தள்ளலாம். நாங்கள் தள்ளினோம்.

வேம்புலி என் மனைவி நாகவல்லியின் அண்ணன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் வீரராகவனிடம் வேலை செய்தோம். ஒரு தகர ஷெட், ஒரு வேன், நாலைந்து ஆட்கள். ஏரி மதகில் கதவு மாட்டிக்கொண்டால், கிணற்றில் மோட்டார் விழுந்துவிட்டால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். பிணம் எடுக்கவும் கூப்பிடுவார்கள். அதற்குப் போக மாட்டேன் என்று வேம்புலி ஒரு நாளும் சொன்னதில்லை.

சண்டை அதில்தான் வந்தது. என் மூத்த பையனுக்குக் காது குத்தும் அன்று காலையில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கிணற்றில் ஒரு பெண் விழுந்துவிட்டது என்று ஆள் வந்தது. நான் விசேஷ வீட்டுக்காரன், போகவில்லை. அவன் போனான். எடுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட, புது வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு நேரத்துக்கு வந்து நின்றான். பிள்ளையை மடியில் உட்கார வைக்க வேண்டியவன் தாய்மாமன்தானே. என் பெரியம்மா குறுக்கே வந்து, பொணம் தூக்குன கை, கொயந்தயத் தொடலாமா என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேம்புலியும் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை.

பையன் என் பங்காளி ஒருவன் மடியில் உட்கார்ந்தான். வேம்புலி தட்டை வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான். அதோடு சரி. அப்புறம் எனக்கு ஒரு பெண் பிறந்தது, தாட்சாயிணி. அதற்கு மூன்று வயது ஆகப்போகிறது, காது இன்னும் வெறும் காதாக இருந்தது. அண்ணன் மடியில்லாமல் இதுக்குக் காது குத்த விடமாட்டேன் என்று நாகவல்லி ஒரே பிடியாக நின்றாள். நீ போய்க் கூப்பிடு என்றால், தப்பு பண்ணது நானா என்று கேட்பாள்.

இப்படி இருக்கும்போது, தொண்ணூற்று இரண்டில், வீரராகவன் அந்த செட்டை வாங்கி வந்தார். கம்பி இல்லாமல் தண்ணீருக்கு அடியில் பேசுகிற செட். துறைமுகத்தில் வேலை செய்த ஒரு கம்பெனி புதுசு மாற்றியபோது பழசை இவர் எடுத்துக்கொண்டார்.

அதில் இரண்டு பாகம். ஒன்று இறங்குகிறவனுக்கு. முகம் முழுக்க மூடும் மாஸ்க், அதற்குள் மைக், காதுக்குப் பின்னால் எலும்பில் அழுந்துகிற மாதிரி ஒரு ஸ்பீக்கர். இன்னொன்று மேலே இருப்பவனுக்கு. ஒரு பெட்டி, பொத்தான் வைத்த கை மைக், ஒரு ஒயரின் முனையில் முஷ்டி அளவுக்குக் கறுப்பாக ஒரு உருண்டை. அதைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். நாங்கள் அதற்குக் குண்டு என்று பேர் வைத்தோம்.

வீரராகவன் எங்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். பேட்டரி மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் துடைத்து கிரீஸ் தடவணும், ஒரு மணல் இருந்தால்கூடத் தண்ணீர் உள்ளே போய்விடும். இரண்டு செட்டும் ஒரே சேனலில் இருக்கணும். கரையிலேயே பேசிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கணும். குண்டை ஆளுயரத்துக்கு மேல் ஆழமாக விடணும், அதற்கும் ஆளுக்கும் நடுவில் பாறை வரக்கூடாது. பக்கத்தில் மோட்டார் ஓடக்கூடாது. கீழே இருப்பவன் மூச்சை விட்டுக்கொண்டே பேசக்கூடாது, குமிழிச் சத்தம் பேச்சைத் தின்றுவிடும். சின்னச் சின்னதாகப் பேசி, முடிந்ததும் ஓவர் சொல்லிப் பொத்தானை விடணும்.

கடைசியாக இரண்டு விஷயத்தை அழுத்திச் சொன்னார். செட் வந்துவிட்டது என்று கயிற்றை அவிழ்க்கக்கூடாது. செட் ஊமையானால் கயிறுதான் உயிர். இன்னொன்று, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லணும்.

"சரின்னு சொல்றது பதில் இல்ல. கேக்காதவன் கூட சரின்னு சொல்லுவான். திருப்பிச் சொன்னாதான் கேட்டுச்சுன்னு அர்த்தம்" என்றார்.

முதல் சோதனை வேலப்பன்சாவடியில் ஒரு பெரிய கிணற்றில் நடந்தது. வேம்புலி இறங்கினான். நான் மைக்கைப் பிடித்தேன். எல்லாம் தயார். எனக்குத்தான் வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பொத்தானை அழுத்தி, நகத்தால் மைக்கில் ஒரு தட்டு தட்டினேன். இரண்டு விநாடியில், கீழே அவன் தன் மாஸ்க்கைத் தட்ட, பெட்டியில் டொக் என்று பதில் தட்டு வந்தது. இரண்டு தட்டினான், கயிறு விட்டேன். மூன்று தட்டினான், ஏற்றினேன். கயிற்றுப் பாஷை அப்படியே செட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

வீரராகவன் கிணற்று மேட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"யோவ் எத்திராஜு, தட்றதுக்காய்யா இத வாங்கினேன்? தட்றதுக்குக் கயிறு கீது. அதுக்கு பேட்டரிகூட வேணாம்."

தேவராஜ், ஆபத்துக்கு இறங்கத் தயாராக இருக்கும் இரண்டாவது ஆள், குனிந்து சிரித்தான். வீரராகவன் சிரிக்கவில்லை. தண்ணீருக்குள்ளே இரும்பை இரும்பு இடித்தாலும், கல் உருண்டாலும் இந்தப் பெட்டியில் டொக் என்றுதான் கேட்கும், அது உன் மச்சான் தட்டினதா கல் தட்டினதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அடுத்த வேலையிலும் வாய் திறக்கவில்லை என்றால் மைக்கும் கயிறும் தேவராஜுக்கு, நீ ஷெட்டில் உட்கார்ந்து சிலிண்டர் துடை என்றார்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். நாகவல்லியிடம் சொன்னேன். அவள் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே, "எங்க அண்ணன் வேற ஆளு கைல கயிறு குடுத்துட்டு எறங்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வேலை அந்த வியாழக்கிழமையே வந்தது. மாங்காட்டுக்கு அந்தப் பக்கம் கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட குட்டை ஒன்று. லாரித் தண்ணீருக்காக அதில் பம்பு மிதக்கவிட்டிருந்தார்கள். சங்கிலி அறுந்து பம்பு அடியில் போய்விட்டது. அறுபது அடி. அதுவும் நாக்குபோல நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில் சறுக்கிக் கிடந்தது.

டிரம் கட்டிய பலகை மிதவையில் நாங்கள் நின்றோம். அங்கே ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்பை நிறுத்தச் சொன்னோம். ரப்பர் வளையத்தை நானே துடைத்தேன். இறங்குவதற்கு முன் சோதனை பண்ணும்போது மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். அவனும் நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணினான். எண்ணுவது பேச்சில் சேராது இல்லையா. வீரராகவன் திருப்தியாகத் தலையாட்டினார். கீழே போகும்போதும் இருபது அடி, நாற்பது அடி என்று காற்றிடம் சொல்வதுபோல் சொன்னேன். அவனும் அப்படியே திருப்பிச் சொன்னான்.

அவன் அடிக்குப் போனதும், பம்பு ஆளிடம் ஏதோ கேட்க வீரராகவன் கரைக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் மைக்கில் ஒரு தட்டு தட்டினேன். அவனும் ஒரு தட்டு தட்டினான். பழைய புத்தி.

பத்து நிமிஷம் இருக்கும். பெட்டியில் டொக், டொக், டொக், டொக் என்று கேட்டது.

நாலு.

நான் யோசிக்கவே இல்லை. இழுத்தேன். முதல் முழம் வந்தது. இரண்டாவது முழம் கனமாக வந்தது. மூன்றாவது வரவில்லை. கயிற்றின் அந்த முனையில் ஆள் இருந்தால் கொஞ்சம் கொடுக்கும், அசையும். இது பாறையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. தேவராஜ் சொல்லாமலே மாஸ்க்கை மாட்டிக்கொண்டான்.

வேம்புலி பாறை நாக்குக்கு அடியில் இருக்கிறான். கயிறு அதைச் சுற்றியிருந்தால் நான் இழுக்க இழுக்க அவன் தலை பாறையில் மோதும். உண்மையிலேயே ஆபத்தில் இருந்தால், இழுக்காவிட்டால் சாவான். இதில் எது என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தன்தான். கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான். எத்திராஜ் பேசறேன். இழுக்கறத நிறுத்திட்டேன். நீ தட்டினியா? ஓவர்."

குமிழிச் சத்தம் மட்டும் வந்தது.

"மச்சான், நல்லா கீறியா? ஓவர்."

வாத்துக் கத்துவதுபோல ஒரு குரல் வந்தது. அந்த செட்டில் எல்லார் குரலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அது அவன் குரல்.

"நா தட்டல. ஸ்பானரால போல்ட்ட அடிச்சேன். கயிறு பாறைய சுத்திகினு கீது. இழுக்காத. ஓவர்."

"கயிறு பாறைய சுத்திகினு கீது. இழுக்க மாட்டேன். ஓவர்" என்று திருப்பிச் சொன்னேன்.

வீரராகவன் கரையிலிருந்து மிதவைக்குப் போட்டிருந்த பலகையில் ஓடி வந்தார். பம்பு கிடக்கட்டும், ஆளை வெளியே வரச் சொல் என்றார். சொன்னேன். வேம்புலி போன வழியே பின்னால் வந்தான். ஒவ்வொரு அசைவையும் சொன்னான், ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். நாலு வருஷத்தில் பேசாததை எல்லாம் அந்த ஐந்து நிமிஷத்தில் பேசினோம் போல, ஆனால் எல்லாமே கயிறும் பாறையும்தான். கடைசியில் கயிறு விடுபட்டது. ஒரு இழுப்பு வந்தது. நானும் ஒரு இழுப்பு கொடுத்தேன்.

ஆழத்திலிருந்து ஏறும்போது பதினைந்து அடியில் மூன்று நிமிஷம் நின்றுதான் வரணும், உடம்புக்கு நல்லது. சொன்னேன், நின்றான். பச்சைத் தண்ணீரில் அவன் குமிழிகள் மட்டும் தெரிந்தன. செட்டில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பதும் வீரராகவன் சொன்ன சட்டம்தான். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மச்சான் முகம் தெரிந்திருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன். குமிழிதானே தெரிகிறது என்று பொத்தானை அழுத்தினேன்.

"மச்சான். தாட்சாயிணிக்குக் காது குத்தணும். உம் மடிலதான். ஓவர்."

குமிழி ஒரு கொத்து வந்தது. இன்னொரு கொத்து வந்தது. குண்டு பாறைக்குப் பின்னால் போய்விட்டதோ என்று ஒயரைப் பார்த்தேன். நேராகத்தான் தொங்கியது.

"அன்னிக்கு நா குளிச்சிட்டுதான் வந்தேன். ரெண்டு வாட்டி. ஓவர்."

தேவராஜ் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். எனக்குச் சரி என்று சொல்லத்தான் வந்தது. அதற்குள் மறுபடியும் குரல்.

"திருப்பிச் சொல்லு மாப்ள. ஓவர்."

பொத்தானை அழுத்தினேன்.

"அன்னிக்கு நீ குளிச்சிட்டுதான் வந்தே. ரெண்டு வாட்டி. நாந்தான் வாயத் தொறக்கல. ஓவர்."

"கடைசில சொன்னது நா சொல்லல. ஓவர்."

"அது நா சொல்றது. ஓவர்."

வீரராகவன் வாட்ச்சைப் பார்த்தார். நாலு நிமிஷம் தாண்டிவிட்டது. அவர் சட்டைக் கையை இறக்கி வாட்ச்சை மூடிக்கொண்டார்.

"தாட்சாயிணிக்குக் காது குத்து" என்றது குரல். நடுவில் மூச்சு வாங்கி நிறுத்தியது. "எம் மடி. ஓவர்."

மூன்று இழுப்பு வந்தது. ஏற்றினேன்.

மேலே வந்து மாஸ்க்கைக் கழற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. முகத்தைப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பம்பை மறுநாள் எடுப்பது என்று முடிவானது. வேன் பக்கத்தில் பக்கெட் வைத்து நல்ல தண்ணீரில் செட்டைக் கழுவினோம். அவன் பேட்டரியைக் கழற்றி மூடியை நீட்டினான், நான் ரப்பர் வளையத்தைத் துணியால் துடைத்தேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மாங்காட்டுக் கோயில்லியா?" என்று கேட்டான், மூடியைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா. காமாட்சி அம்மன் கோயில்ல."

"எந்தக் கெழம?"

"நீ சொல்லு" என்றேன்.

அவன் மூடியை வாங்கித் திருகி மூடினான். கை ஈரமாக இருந்தது. மாற்றிக் கட்டியிருந்த வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கிக் கணக்குப் போட ஆரம்பித்தான்.